நாய், பூனை வளர்க்க ஒரு வருஷத்துக்கு உண்மையிலேயே எவ்ளோ ஆகும்? முழு கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க

தூறல்:

வணக்கம். வீட்ல பொண்ணு நாய் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குறா, அவரு பூனைன்னா சரிங்குறாரு, எனக்கு ரெண்டுமே பிடிக்கும். ஆனா கணக்கு பாக்காம கொண்டுவர மனசில்ல, பாதியில முடியலன்னு இன்னொருத்தர் தலைல தள்ளிவிடுற நிலம அந்த உயிருக்கு வரவே கூடாது. வருஷத்துக்கு எவ்ளோ ஆகும்னு தேடினா ஆளுக்கொரு நம்பர் போட்டிருக்காங்க, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் அவ்ளோ வித்தியாசம், எதை நம்புறதுன்னே தெரியல. வாங்குற விலைய விடுங்க, தத்து தான் எடுக்கப்போறோம். அதுக்கப்புறம் வருஷா வருஷம் என்னென்ன வரும், எது கட்டாயம், எது நம்ம இஷ்டம், கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன். மாசாமாசம் ஒரு தொகை ஒதுக்க ரெடியா இருக்கோம்.

எடைத்தராசு:

முதல்ல ஒரு வேண்டுகோள், யாரும் பணத்துல பதில் சொல்லாதீங்க. இங்க இருக்கவங்க ஆளுக்கொரு நாட்டுல இருக்கோம், ஒருத்தர் ஊர் விலை இன்னொருத்தருக்கு உதவாது. எவ்ளோ அளவு, எத்தன தடவன்னு சொன்னா அவங்கவங்க ஊர் விலையால பெருக்கிக்கலாம்.

தூறல், உங்களுக்கு வேற வேற நம்பர் கிடைச்சதுக்கு முதல் காரணம் எடை. "ஒரு நாய்"னு ஒண்ணு கிடையாது, 4 கிலோ நாயும் நாய் தான் 45 கிலோ நாயும் நாய் தான். சாப்பாட்டுக்கு டாக்டருங்க போடுற கணக்கு ஒண்ணு இருக்கு, எடைய கிலோல எடுத்து அதையே மூணு தடவ பெருக்கி (10 கிலோன்னா 10×10×10), வர்ற எண்ணுக்கு ரெண்டு தடவ வர்க்கமூலம் எடுத்து, 70ஆல பெருக்கணும். அது சும்மா படுத்திருக்கவே உடம்புக்கு வேண்டிய கலோரி. கருத்தடை பண்ண வளந்த நாய்க்கு அதை 1.6ஆல பெருக்குங்க, கருத்தடை பண்ண வளந்த பூனைக்கு 1.2. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு சுமார் 630 கலோரி வரும், 30 கிலோ நாய்க்கு சுமார் 1435, 4 கிலோ பூனைக்கு 240 கிட்ட. எடை மூணு மடங்கானா சாப்பாடு மூணு மடங்கு ஆகுறதில்ல, ரெண்டே கால் மடங்கு தான் கூடுது.

இதை கிலோவா மாத்துங்க. ட்ரை ஃபுட் கிலோவுக்கு 3600 கலோரின்னு வச்சா வருஷத்துக்கு பூனைக்கு 24 கிலோ, சின்ன நாய்க்கு 64 கிலோ, பெரிய நாய்க்கு 146 கிலோ. உங்க ஊர்ல ஒரு கிலோ என்ன விலையோ அதால பெருக்கினா சாப்பாட்டு செலவு முடிஞ்சுது. இது தொடக்கக் கணக்கு மட்டும் தான், ஒவ்வொரு உடம்பும் வேற, மாசம் ஒரு தடவ எடை பாத்து கூட்டிக் கொறச்சுக்கணும்.

இன்னொண்ணு, பை மேல இருக்க கிலோ விலைய பாத்து ஒப்பிடாதீங்க, 1000 கலோரிக்கு என்ன விலைன்னு பாருங்க. ஒரு பை கிலோவுக்கு 3200 கலோரி, இன்னொண்ணு 4000ன்னா, ரெண்டாவது கால் பங்கு விலை அதிகமா இருந்தாலும் கணக்கு சமம் தான், ஏன்னா கம்மியா தான் போடுவோம்.

சாம்பல்வால்:

பூனைக் கணக்க நான் சொல்றேன். மேல சொன்ன 24 கிலோ முழுக்க ட்ரை ஃபுட் போட்டா வர்ற அளவு. டின், பவுச்ல வர்ற ஈர உணவுல முக்கால் பங்கோ அதுக்கும் மேலயோ தண்ணி தான், கிலோவுக்கு 900 கலோரி இருக்கும்னு வச்சா அதே பூனைக்கு வருஷம் 95 கிலோ தாண்டிடும். அதனால தான் பூனை வீட்டு செலவு ஒரே எடைல கூட இவ்ளோ வேறுபடுது. தண்ணி கம்மியா குடிக்கிற பூனைக்கு, யூரின் பிரச்சன வந்த பூனைக்கு ஈர உணவு நல்லது, அதனால பாதிக்குப் பாதி கலந்து தான் நான் கணக்கு போடுவேன்.

நாய் கணக்குல இல்லாத ஒண்ணு லிட்டர், அதாவது பூனை மல மூத்திரம் போறதுக்கு ட்ரேல கொட்டி வைக்குற பொருள். மணல், களிமண், மர உருண்டை எதுவா இருந்தாலும் சாப்பாடு மாதிரியே மாசாமாசம் வர்ற செலவு, மலிவான லிட்டர் நாத்தத்த அடக்காம சீக்கிரம் மொத்தமா கொட்ட வேண்டி வந்தா அது மலிவே இல்ல. ட்ரே எண்ணிக்கை பூனை எண்ணிக்கையோட ஒண்ணு கூட்டி வைக்கணும், ஒரு பூனைக்கு ரெண்டு. அப்புறம் பிறாண்டுற கம்பம், அது இல்லன்னா சோபா தான் கம்பம்.

ரெண்டும் வளர்க்குற யோசனை இருந்தா ஒரே பையில வேலைய முடிக்கலாம்னு நினைக்காதீங்க. பூனைக்கு டாரின்ங்குற அமினோ அமிலம் உணவுலயே வரணும், நாய் உணவுல அது பூனைக்கு போதுற அளவு இருக்கும்னு சொல்ல முடியாது. டாரின் கொறஞ்சா கண்ணு போகும், இதயம் பலவீனமாகும். இதயத்துக்கும் டாரினுக்கும் இருக்க தொடர்ப 1987ல தான் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் பூனை உணவுல டாரின் அளவ கூட்டினதும் அந்த இதய நோய் ரொம்ப அரிதாயிடுச்சு.

எழிலன்77:

பூனைன்னா செலவே இல்ல, அது பாட்டுக்கு வெளிய போயி வரும்னு தான் கேள்விப்பட்டிருக்கேன்

சாம்பல்வால்:

எழிலன், வெளிய விடுற பூனைக்கு லிட்டர் செலவு கொறையும், சரி. ஆனா சண்டை போட்டு சீழ் வெச்ச காயம், வண்டி அடிபடுறது, மத்த பூனை கடிச்சு வர்ற வைரஸ், தெள்ளுப்பூச்சி எல்லாம் அந்தப் பக்கம் ஏறிடும். வெளிய சுத்துற பூனையோட ஆயுசும் சராசரியா கொறைவு. வீட்டுக்குள்ளயே வெச்சு ஜன்னலுக்கு வலை போடுங்க, அது ஒரு தடவ செலவு.

ஊசிமருந்து:

கால்நடை டாக்டரா இருக்கேன், மருத்துவ செலவ நான் எழுதுறேன்.

முதல் வருஷத்த தனியா வைங்க, மத்த வருஷத்தோட கலக்காதீங்க. குட்டியா எடுத்தா 6லேர்ந்து 8 வாரத்துல தடுப்பூசி ஆரம்பிச்சு, ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவ, 16 வார வயசு தாண்டுற வரைக்கும் போடணும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி ஊசிய வேலை செய்ய விடாது, அது எந்த குட்டிக்கு எப்ப கொறையும்னு வெளிய தெரியாது, அதனால தான் ஒரே ஊசி திரும்பத் திரும்ப. நிறைய பேர் ரெண்டு ஊசியோட நிறுத்திட்டு பார்வோங்குற குடல் வைரஸ்ல குட்டிய பறிகொடுக்குறாங்க. அப்புறம் ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வயசுக்குள்ள இன்னொண்ணு.

அடுத்து ஒரு விஷயம் செலவு கொறையுற பக்கம். நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ் இந்த மூணுக்கும் ஒழுங்கா முதல் சுற்று முடிஞ்சிருந்தா அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவ போதும்னு தான் உலக சிறு விலங்கு மருத்துவ சங்க வழிகாட்டுதல் சொல்லுது. லெப்டோ மாதிரி பாக்டீரியா ஊசி வருஷா வருஷம் வேணும். ரேபிஸ் அந்தந்த ஊர் சட்டமும் ஊசி லேபிளும் சொல்றபடி, அதுல பேரமே கிடையாது. உங்க டாக்டர்கிட்ட "இதுல எது வருஷாந்திரம், எது மூணு வருஷம்"னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

குடற்புழு மருந்து குட்டிக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, அப்புறம் மாசம் ஒண்ணு, வளந்ததுக்கு பொதுவா மூணு மாசத்துக்கு ஒண்ணு. உண்ணி, தெள்ளு மருந்து மாசம் ஒண்ணு இல்லன்னா மூணு மாசம் தாங்குற மாத்திரை. கொசு இருக்க ஊர்ல இதயப்புழு தடுப்பும் மாசாமாசம். இத விட்டுடாதீங்க, புழு வந்துட்டா நாய்க்கு மாசக்கணக்குல வைத்தியம், ஓட விடாம கட்டிப்போட்டு வெச்சிருக்கணும், செலவு தடுப்பு மருந்த விட பல வருஷத்துக்கு சமம். பூனைக்கு வந்தா வளந்த புழுவ கொல்ல பாதுகாப்பான மருந்தே இல்ல.

தெருவிளக்கு:

டாக்டர் சொல்றது எல்லாம் சரி ஆனா தெருவுல இருக்க நாய்ங்க இதெல்லாம் இல்லாம தான வாழுது? மிச்சம் மீதி சாப்பிட்டே நல்லா தான இருக்கு. இவ்ளோ பட்டியல் போட்டா சாதாரண குடும்பம் யாருமே வளர்க்க முடியாது, அது தான் என் ஆதங்கம்.

ஊசிமருந்து:

உங்க ஆதங்கம் நியாயம் தான், பணம் இருக்கவங்க மட்டும் தான் வளர்க்கணும்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனா தெருவுல நம்ம கண்ணுக்கு படுறது பிழைச்ச நாய்ங்க மட்டும் தான், குட்டியிலயே செத்ததுங்க கண்ணுல படாது. அதுவுமில்லாம ரேபிஸ் நாய்க்கு மட்டும் வர்ற நோய் இல்ல, அறிகுறி தெரிஞ்சப்புறம் மனுஷங்களையும் காப்பாத்த முடியாது. அது குடும்பத்தோட பாதுகாப்பு செலவு.

எதுல கொறைக்கலாம்னு கேளுங்க, சொல்றேன். துணி, அலங்காரப் படுக்கை, வாசன ஷாம்பு, பொம்மை, விலை கூடுன தின்பண்டம், இதெல்லாம் இல்லன்னா ஒரு குறையும் இல்ல. முழு சத்துன்னு லேபிள்ல போட்ட சாதாரண பிராண்ட் சாப்பாடே போதும், உசத்தி ரகம் கட்டாயமில்ல. இலவச ஊசி முகாம், கருத்தடை முகாம் நடக்குற இடத்துல அத பயன்படுத்துங்க. தடுப்பூசி, புழு மருந்து, கருத்தடை, இந்த மூணுல மட்டும் கை வைக்காதீங்க.

பெருங்காது:

எடைத்தராசு சாப்பாட்டுக்கு தான் எடை சொன்னாரு, ஆனா எடை எல்லாத்துலயும் வரும். எங்க வீட்ல இப்ப ஒரு பெரிய நாயும் ஒரு சின்னதும் இருக்கு, உண்ணி மாத்திரை எடைப்பிரிவு வெச்சு தான் விக்குறாங்க, மயக்க மருந்து எடைக்கு, ஆன்டிபயாடிக் எடைக்கு, மூட்டுவலி மருந்து எடைக்கு, நாம ஊருக்கு போறப்ப விட்டுட்டு போற போர்டிங்ல கூட பெரிய கூண்டுக்கு தனி வாடகை, லீஷ் கூட தடிமனா வேணும். ஆபரேஷன்னு வந்தா பெரிய நாய்க்கு ப்ளேட், ஸ்க்ரூ எல்லாம் பெருசு.

ஆனா பெரிய நாய் பொதுவா எட்டுலேர்ந்து பன்னெண்டு வருஷம் தான் இருக்கும், சின்னது பதினாலு பதினஞ்சு கூட இருக்கும், பூனை இன்னும் கூட. அதனால வருஷ செலவு கொறைவா இருக்குறது வாழ்நாள் முழுக்க கொறைவுன்னு அர்த்தமில்ல, எத்தன வருஷத்துக்கு வாக்கு கொடுக்குறோம்னும் பாக்கணும்.

இனமும் அப்படி தான். மூக்கு சப்பையான பக், ஃப்ரெஞ்ச் புல்டாக், பெர்சியன் பூனை இதுக்கெல்லாம் மூச்சுக்குழாய், கண்ணு, தோல் மடிப்பு செலவு கிட்டத்தட்ட பிறப்புலயே எழுதியிருக்கு. நீள முதுகு டாக்ஸண்டுக்கு முதுகெலும்பு தட்டு விலகுற பிரச்சன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு. பூடில் மாதிரி முடி வளந்துகிட்டே இருக்க நாய்க்கு நாலுலேர்ந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவ முடி வெட்டணும், வெட்டலன்னா சிக்கு பிடிச்சு தோல் புண்ணாகும், அப்ப அது அலங்காரம் இல்ல, தேவை. குட்டை முடி கலப்பின நாய்க்கு ஒரு பிரஷ் போதும். தத்து எடுக்குறீங்கன்னு சொன்னது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

எடைத்தராசு:

லாப்ரடார்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, சாப்பாட்ட கொறச்சா மருத்துவ செலவும் கொறையும்ங்குறதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. 48 லாப்ரடார் குட்டிங்கள ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒண்ணுக்கு கொடுக்குறத விட 25 சதவீதம் கம்மியா இன்னொண்ணுக்கு கொடுத்து ஆயுசு முழுக்க பாத்தாங்க, முடிவு 2002ல வந்துச்சு. கம்மியா சாப்பிட்டதோட இடைநிலை ஆயுசு (அதாவது பாதி நாய்ங்க தாண்டுன வயசு) 13 வருஷம், மத்ததுக்கு 11.2. மூட்டு வாதத்துக்கு வைத்தியம் தேவைப்பட்ட வயசும் தள்ளிப்போச்சு. பசிக்குதுன்னு முகத்த பாத்து பாத்து போடுறதுக்கு பதிலா அளந்து போடுங்க, தராசுல. லாப்ரடார்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு பசி அடங்காத மரபணு மாற்றம் ஒண்ணு இருக்குன்னு 2016ல கண்டுபிடிச்சிருக்காங்க, அதனால கெஞ்சுறத வெச்சு முடிவு பண்ணவே முடியாது. தின்பண்டம் மொத்த கலோரில 10 சதவீதம் தாண்டாம பாத்துக்கோங்க.

தூறல்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், எழுதி வெச்சுகிட்டே வர்றேன். கருத்தடை பத்தி கொஞ்சம் சொல்லுங்க டாக்டர், அது முதல் வருஷத்துலயே பண்ணனுமா, செலவ தள்ளிப்போட முடியுமா?

ஊசிமருந்து:

எப்ப பண்றதுன்னு உடம்பையும் எடையையும் பாத்து உங்க டாக்டர் சொல்வாங்க, பெரிய இன நாய்க்கு எலும்பு வளர்ச்சி முடியட்டும்னு கொஞ்சம் தள்ளி பண்றது உண்டு. பூனைக்கு தள்ளாதீங்க, நாலஞ்சு மாசத்துலயே சினையாகலாம், ரெண்டு மாசத்துல குட்டி, அப்புறம் உங்க வருஷ கணக்கு நாலஞ்சு உயிருக்கு போடணும்.

பெட்டை நாய்க்கு பண்ணாம விட்டா என்ன ஆகும்னா, வயசாக ஆக கர்ப்பப்பைல சீழ் பிடிக்கலாம், பயோமெட்ரான்னு சொல்லுவோம், பொதுவா சூடு, அதாவது இணை சேருற பருவம், முடிஞ்ச சில வாரத்துல வரும், தண்ணி நிறைய குடிக்கும், சோர்ந்து படுத்திடும். அப்ப ராத்திரியோட ராத்திரியா அதே கர்ப்பப்பைய தான் எடுக்கணும், ஆனா விஷம் ஏறின உடம்புல, ட்ரிப்ஸ், அட்மிஷன், ரத்தப் பரிசோதனைன்னு பல மடங்கு செலவுல, உயிருக்கு உத்தரவாதம் இல்லாம. திட்டமிட்டு பண்ற ஆபரேஷன் தான் எப்பவும் மலிவு.

பல்லும் அதே கதை. மூணு வயசுக்குள்ளயே பெரும்பாலான நாய் பூனைக்கு ஈறு நோயோட ஆரம்பம் இருக்கும். சுத்தம் பண்ண முழு மயக்கம் கொடுக்கணும், பல்லு பிடுங்க வேண்டி வந்தா இன்னும் ஏறும். தினம் பிரஷ் பண்ண பழக்கினா இத பல வருஷம் தள்ளலாம். அதுங்களுக்குன்னு இருக்க பேஸ்ட் மட்டும், நம்மளோடத வேண்டாம், அதுங்க துப்பாது, முழுங்கும்.

மஞ்சள்கண்:

எல்லாரும் சாதாரண வருஷத்த பத்தியே பேசுறீங்க, நான் மோசமான வருஷத்த பத்தி சொல்றேன். எங்க ஆண் பூனை ஒரு நாள் ட்ரேக்கு போயி போயி உக்காந்துச்சு, முக்கிச்சு, கத்துச்சு, ஒரு சொட்டு வரல. ஆண் பூனைக்கு யூரின் குழாய் ரொம்ப குறுகல், படிகமும் சளியும் சேந்து அடைச்சிடுது. மலச்சிக்கல்னு நெனச்சு காத்திருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல சிறுநீரகம் நின்னு பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடும்னு டாக்டர் சொன்னாங்க. குழாய் போட்டு, அட்மிட் பண்ணி, ட்ரிப்ஸ் ஏத்தி, வீட்டுக்கு வந்தப்புறம் திரும்பவும் அடைச்சு, மறுபடி குழாய். அந்த ஒரு வாரம் ஆன செலவு அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சாப்பாட்டுக்கும் லிட்டருக்கும் ஊசிக்கும் சேத்து ஆனத விட அதிகம். இப்ப நல்லா இருக்கான், சிறப்பு உணவு சாப்பிடுறான், அது சாதாரண உணவ விட விலை கூட, அதுவும் இனி வருஷக் கணக்குல நிரந்தரமா இருக்கு.

தூறல், நீங்க கேட்ட "வருஷத்துக்கு எவ்ளோ"ங்குறதுக்கு சராசரி நம்பர் எடுத்தா அதுல இந்த மாதிரி வருஷம் கரைஞ்சு போயிடும். ஆனா நிஜத்துல அது கரைஞ்சு வராது, ஒரே ராத்திரில மொத்தமா வரும், கவுன்டர்ல முன்பணம் கேப்பாங்க. அந்த ராத்திரி கட்ட முடியுமாங்குறது தான் கேள்வி.

எடைத்தராசு:

மஞ்சள்கண் சொன்னது தான் நான் சொல்ல நெனச்சதும். நான் மூணு நம்பரா பிரிப்பேன். முதல் வருஷம், சாதாரண வருஷம், மோசமான ஒரு வாரம். முதல் ரெண்டும் சம்பளத்துல சமாளிக்குறது, மூணாவது கையில இருந்தே ஆகணும். சாதாரண வருஷத்த மட்டும் தாங்க முடியும், மூணாவதுக்கு வழியே இல்லன்னா இன்னும் கொஞ்ச நாள் சேத்துட்டு எடுங்கன்னு தான் சொல்லுவேன்.

நீலச்சட்டை:

இன்சூரன்ஸ் எடுத்துட்டா அந்த மூணாவது முடிஞ்சுதே?

பெருங்காது:

முடியாது, அத படிச்சு தான் எடுக்கணும். முதல்ல, ஏற்கனவே இருந்த நோய்க்கு தர மாட்டாங்க, பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடி ரிக்கார்டுல "லேசா நொண்டுது"ன்னு டாக்டர் எழுதியிருந்தா பின்னாடி அந்த கால் ஆபரேஷனுக்கு தகராறு வரும், சில பாலிசில ஒரு முழங்கால் தசைநார் போயிருந்தா மறு காலையும் பழைய நோய்னு சேத்துடுவாங்க, நாய்க்கு ஒரு கால் போனா இன்னொண்ணும் போற வாய்ப்பு நெறைய. ரெண்டாவது, எடுத்த உடனே அமலுக்கு வராது, காத்திருப்பு காலம் இருக்கு. மூணாவது, வயசு ஏற ஏற ப்ரீமியம் ஏறும், இன்னைக்கு இருக்க தொகைய வெச்சு பன்னெண்டு வருஷத்துக்கு பெருக்காதீங்க.

நாலாவது கணக்கு. பில் 100, நம்ம பங்கு முதல் 20, மிச்சத்துல 80 சதவீதம் அவங்கன்னா நமக்கு 64 கிடைக்கும். அதே 80 சதவீதத்த முதல்ல போட்டு அப்புறம் 20 கழிச்சா 60 தான். எந்த வரிசைன்னு பாலிசில தேடிப் பாருங்க. வருஷ உச்சவரம்பும் பாருங்க. நிறைய இடத்துல முதல்ல நாம கட்டிட்டு அப்புறம் தான் க்ளெய்ம் பண்ணனும், ஆகவே இன்சூரன்ஸ் இருந்தாலும் அந்த ராத்திரி பணம் நம்ம கையில இருக்கணும். ஊசி, புழு மருந்து, கருத்தடை எல்லாம் பெரும்பாலும் இதுல வராது.

நீலச்சட்டை:

அப்ப மாசாமாசம் அந்த ப்ரீமியத்த நாமளே தனி அக்கவுன்ட்ல போட்டு வெச்சா?

பெருங்காது:

அதுவும் நல்ல வழி தான், ஒழுக்கமா போட்டா. ஆனா குட்டி ரெண்டாவது மாசமே சாக்ஸ முழுங்கிட்டா அக்கவுன்ட்ல ரெண்டு மாசத்து பணம் தான் இருக்கும். அதனால தனி நிதின்னா முதல்லயே ஒரு மொத்த தொகை போட்டு ஆரம்பிக்கணும். உங்க ஊர்ல எமர்ஜென்சில வயித்து ஆபரேஷனும் மூணு நாள் அட்மிஷனும் தோராயமா எவ்ளோன்னு ரெண்டு க்ளினிக்ல போன் போட்டு கேளுங்க, அது தான் உங்க தொடக்க தொகை. நான் இளசுல இன்சூரன்ஸ் எடுத்து பக்கத்துல சின்ன நிதியும் வெச்சிருக்கேன், ஏன்னா பெரிய நாய். கலப்பின பூனையா இருந்தா நிதி மட்டும் வெச்சிருப்பேன்.

வயசான_வால்:

என் நாய்க்கு பதினாலு நடக்குது, அதுக்கு முன்னாடி இருந்த பூனை பத்தொம்போது வரைக்கும் இருந்தா. வயசான காலத்து செலவ யாரும் எழுதலயேன்னு எழுதுறேன்.

ஏழெட்டு வயசுக்கு மேல வருஷம் ரெண்டு தடவ செக்கப், அதோட ரத்தம், யூரின், பூனைன்னா பிரஷரும் பாக்கணும். பூனைக்கு பத்து வயசுக்கு மேல சிறுநீரகம் தேயுறது ரொம்ப சாதாரணம், சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவான க்ரியாட்டினின் ரத்தத்துல ஏறுறதுக்குள்ள முக்கால்வாசி போயிருக்கும், அதனால தண்ணி அதிகமா குடிக்குதா, ட்ரேல கட்டி பெருசாகுதான்னு பாத்துகிட்டே இருக்கணும். அப்புறம் தைராய்டு, சர்க்கர. சர்க்கர வந்தா பெரும்பாலும் ஒரு நாளைக்கு ரெண்டு வேள இன்சுலின், பூனைக்கு சீக்கிரம் பிடிச்சு ஒழுங்கா பாத்தா சில சமயம் ஊசியே தேவப்படாத நிலைக்கு திரும்பும், நாய்க்கு பெரும்பாலும் ஆயுசுக்கும் ஊசி. நாய்க்கு மூட்டு, இதயம், கட்டி. தரை வழுக்காம விரிப்பு, படியேற சாய்வுப் பலகை, இப்படி சின்ன சின்னதா வரும்.

மனசுக்கு கஷ்டமா இருந்தாலும் கடைசி நாள் செலவும் இருக்கு, வலியில்லாம அனுப்புறது, அடக்கம் பண்றது. அன்னைக்கு பணத்த பத்தி யோசிக்குற நிலமைல யாரும் இருக்க மாட்டோம், அதனால முன்னாடியே எடுத்து வெச்சிடுங்க. இந்த கடைசி மூணு நாலு வருஷம் சாதாரண வருஷத்த விட நல்லாவே அதிகமா ஆகும். அந்த வருஷங்கள்ல தான் அது நம்மள ரொம்ப நம்பி இருக்கும், அதனால நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல.

சாம்பல்வால்:

அக்கா, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. அதுக்கு எங்க அன்ப சொல்லுங்க.

ஊசிமருந்து:

ஒரு எச்சரிக்கை போட்டுடுறேன், செலவு கொறைக்க போயி உயிர் போற இடம் இது. நாய்க்கு வாங்குன உண்ணி சொட்டு மருந்த மிச்சம் இருக்கேன்னு பூனைக்கு போடாதீங்க, அதுல பெர்மெத்ரின்ங்குற பூச்சிமருந்து இருந்தா பூனைக்கு வலிப்பு வந்து செத்துடும், போட்டு காயுறதுக்குள்ள அந்த நாய பூனை நக்கினா கூட ஆபத்து. காய்ச்சல்னு நம்ம பாராசிட்டமால் பூனைக்கு ஒரு மாத்திரை கொடுத்தாலே கொல்லும். ஐபுப்ரோஃபென் நாய்க்கு வயித்துப்புண்ணும் சிறுநீரக செயலிழப்பும் தரும். பெரிய நாய் மாத்திரைய வாங்கி உடைச்சு ரெண்டு சின்ன நாய்க்கு கொடுக்குறதும் வேண்டாம், மருந்து மாத்திரை முழுக்க சமமா பரவியிருக்கும்னு சொல்ல முடியாது. திராட்சை, சாக்லேட், வெங்காயம், சர்க்கரைக்கு பதிலா சைலிட்டால்ங்குற இனிப்பு போட்ட சூயிங்கம் எட்டாத இடத்துல வைங்க, பூனை இருக்க வீட்ல லில்லி பூ வேண்டவே வேண்டாம், அதோட மகரந்தம் ஒட்டுனத நக்குனா கூட சிறுநீரகம் போயிடும். எமர்ஜென்சி பில்லுல நான் பாக்குறதுல நெறைய இந்த மாதிரி தடுக்கக்கூடியது தான்.

எழிலன்77:

வீட்ல சமைச்சு போட்டா சாப்பாட்டு செலவு பாதி ஆகாதா டாக்டர்

ஊசிமருந்து:

சின்ன நாய்க்கு ஆகலாம், பெரிய நாய்க்கு கறி அளவு கணக்கு போட்டா பல இடத்துல கூட தான் ஆகும். கறில பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்ப கொறைவு, அப்படியே மாசக்கணக்குல போட்டா குட்டிக்கு எலும்பு வளையும், ஒடியும். சரியான கால்சியம், அயோடின், துத்தநாகம் எல்லாம் சேக்கணும், அதுக்கு விலங்கு சத்துணவு தெரிஞ்சவர் எழுதின அளவு வேணும். அந்த சத்துப் பொடி விலையையும் சேத்து கணக்கு போடுங்க.

தூறல்:

எல்லாத்தையும் எடுத்து இப்படி போட்டிருக்கேன், சரியான்னு பாருங்க. சாதாரண வருஷத்துக்கு: 1000 கலோரி விலை வெச்சு சாப்பாடு, பூனைன்னா லிட்டர், நாலு புழு மருந்து, பன்னெண்டு மாச உண்ணி மருந்து, இதயப்புழு மருந்து, ஒரு செக்கப், லெப்டோவும் ரேபிஸும், மூணு வருஷ ஊசில மூணுல ஒரு பங்கு, பல்லுக்கு வருஷாவருஷம் ஒரு சின்ன ஒதுக்கீடு. முதல் வருஷத்துக்கு ஊசி சுற்று, கருத்தடை, கூண்டு, பாத்திரம், ஜன்னல் வலை. எமர்ஜென்சி தொகைக்கு நாளைக்கே ரெண்டு க்ளினிக்குக்கு போன் போடுறேன். எதாவது விட்டுட்டேனா?

பெருங்காது:

நாம ஊருக்கு போறப்ப யாரு பாத்துப்பாங்க? அது விட்டுப்போச்சு. வருஷத்துல எத்தன நாள் வெளியூர்னு எண்ணி போர்டிங்கோ வீட்டுக்கு வந்து பாத்துக்குறவங்களோ அந்த நாளுக்கு பெருக்குங்க. நாய்க்கு இது பெரிய தொகை. பூனைக்கு வீட்டுக்கே ஒருத்தர் தினம் வந்து பாத்தா போதும், அதுக்கு இடம் மாறுறது தான் பிடிக்காது. நீங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்கன்னா நாய்க்கு பகல்ல நடத்திட்டு வர ஆள் வேணுமான்னும் பாருங்க. வாடகை வீடுன்னா சில இடத்துல செல்லப்பிராணிக்கு கூடுதல் அட்வான்ஸ் கேப்பாங்க. குட்டி நாய்க்கு அடிப்படை பயிற்சி வகுப்பும் போடுங்க, இந்த ஒண்ண நான் இஷ்டச் செலவுல சேக்க மாட்டேன், கடிக்குதுன்னு திருப்பி விடப்படுற நாய்ங்கள்ல பல பேருக்கு அந்த நாலஞ்சு வகுப்பு கிடைச்சிருந்தா வீடு போயிருக்காது.

தூறல்:

சேத்துட்டேன். நாங்க ரெண்டு பேரும் பகல்ல வீட்ல இல்ல, அதனால இப்போதைக்கு பூனை பக்கம் சாயுறோம், பொண்ணுகிட்டயும் உக்காந்து பேசிட்டோம், அவளும் சரின்னுட்டா. தத்து மையத்துல நாலு வயசு பூனை ஒண்ணு இருக்கு, கருத்தடை, ஊசி எல்லாம் முடிஞ்சிருக்காம். இன்னொரு பக்கம் குட்டிங்க. செலவுன்னு பாத்தா எது?

சாம்பல்வால்:

நாலு வயசு தான், யோசிக்கவே வேண்டாம். முதல் வருஷ செலவுல பெரும்பங்கு முடிஞ்சிருக்கு, குணமும் தெரிஞ்சிருக்கும், பகல்ல தனியா இருக்கவும் குட்டிய விட நல்லா பழகும். வர்றதுக்கு முன்னாடி மையத்துல அதோட மருத்துவ ரிக்கார்ட் வாங்கிக்கோங்க, லுகேமியா வைரஸ், எஃப்ஐவி (பூனைக்கு வர்ற எச்ஐவி மாதிரி வைரஸ்) டெஸ்ட் எடுத்திருக்காங்களான்னு கேளுங்க, பல்ல ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. இப்ப என்ன சாப்பாடு, என்ன லிட்டர் போடுறாங்களோ அதையே கொஞ்ச நாளைக்கு வாங்குங்க, மாத்தணும்னா ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. ஆணா பெண்ணா?

தூறல்:

ஆண். மஞ்சள்கண் சொன்னத படிச்சதுலேர்ந்து அதே நெனப்பு தான், ஈர உணவும் கணக்குல சேத்துட்டேன்.

மஞ்சள்கண்:

நல்லது பண்ணீங்க. தண்ணிக் கிண்ணம் ரெண்டு மூணு இடத்துல வைங்க, ட்ரேய தினமும் நீங்களே அள்ளுங்க, எத்தன கட்டி வருதுன்னு பழகிட்டா ஒரு நாள் வரலன்னா உடனே தெரியும். 24 மணி நேர க்ளினிக் எது பக்கத்துலன்னு இப்பவே பாத்து நம்பர் எடுத்து வெச்சுக்கோங்க.